துறைமுகம் இருக்கு, கார் இறங்காது

திருகோணமலைத் துறைமுகத்தில் கார் இறங்குவதில்லை. கோதுமை இறங்கும், சீமெந்து ஆலைக்கான கிளிங்கர் இறங்கும், எண்ணெய் இறங்கும். உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சின்ன வகுப்பிலிருந்தே பாடமாக்கி வந்திருக்கிறோம். ஆனால் யப்பானில் இருந்து வருகிற கார் ஒன்று கொழும்பிலயோ அம்பாந்தோட்டையிலயோதான் தரை தொடும். பிறகு ஏ-6 வீதியால ஹபரணை, கந்தளாய் தாண்டி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடி, எங்கட உட்துறைமுக வீதிக்கு வந்து கடலைப் பார்த்தபடி நிற்கும்.

2025 பெப்ரவரி 1இலிருந்து தனியார் கார்களை இறக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, ஊரில் எங்க போனாலும் இதுதான் கதை. தேநீர்க் கடையில், சலூனில், கலியாண வீட்டுப் பந்தியில் கூட. "வரி எவ்வளவு வருதாம்?" "வாகன்ஆர் என்ன விலைக்கு வரும்?" என்னிடம் கார் இல்லை, லைசன்சும் இல்லை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஒருத்தனுக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான்: இந்தத் தீவுக்குள் வெளியிலிருந்து ஒரு காரைக் கொண்டுவாறது எந்தக் காலத்திலும் வெறும் காசு விஷயமாக இருந்ததில்லை. யாருக்கு அனுமதி, யாருடைய டொலர், வந்த காரின் நெற்றியில் என்ன எழுத்து என்ற மூன்று கேள்விக்கும் பதில் தேடிப்போனால் நாட்டின் அரசியல் வரலாற்றில் பாதி வந்துவிடுகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் கதை சுலபம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு கார் வரத் தொடங்கியபோது அது தோட்டத்துரைமாருடைய பொருள். பிறகு கொழும்புப் பணக்காரர், அதற்குப் பிறகு அப்புக்காத்துமார், டொக்டர்மார், பெரிய வியாபாரிகள். ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன் எல்லாம் இங்கிலாந்தில் செய்தது. தேயிலையும் றப்பரும் ஏற்றின கப்பல்களின் நாட்டிலிருந்தே காரும் வந்தது. ரூபாய் ஸ்ரேர்லிங்கோடு கட்டுப்பட்டிருந்தபடியால் இன்றைக்கு நாங்கள் சொல்கிற "டொலர் இல்லை" என்கிற பிரச்சினை அப்போது ஒரு சாதாரண கார் வாங்குபவரின் தலையில் விழவில்லை. காசு இருந்தால் கொழும்பிலுள்ள முகவர் கொம்பனிக்குப் போய்ச் சொல்லலாம், கப்பலில் வரும்.

அந்தக் காலத்துத் திருகோணமலை ஒரு கடற்படை ஊர். ரயில் பாதை 1927இல்தான் வந்தது. 1930களில் சீனன்குடாவில் பிரித்தானியர் எண்ணெய்க் குதங்களைக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. ஒரு விமானம் குதம் ஒன்றின் மேலேயே விழுந்தது. ஊருக்குள் ஓடின வாகனங்களில் பெரும்பங்கு கடற்படையும் விமானப்படையும் வைத்திருந்தவை. யப்பானில் இருந்து முதன்முதலாக எங்கட ஊருக்கு வந்த இயந்திரம் காரல்ல, குண்டு விமானம் என்று ஒரு நண்பன் பகிடியாகச் சொன்னான். பகிடிதான், ஆனால் பிழையென்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இனி 1957க்கு வருவோம். இந்த வருடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அதுவரை இலங்கையில் பதிவான கார்களின் தகட்டில் ஆங்கில எழுத்துக்கள்தான் இருந்தன. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களில் இருந்து இரண்டிரண்டாக எடுத்துச் சேர்த்த எழுத்துக்கள். சி.ஈ., சி.எல்., சி.என்., ஈ.எல். என்று போகும். பழைய கல்யாண அல்பங்களில் மாப்பிள்ளை கார் நிற்கிற படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், தெரியும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1957 ஜனவரியில் இருந்து புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்குச் சிங்கள "ஸ்ரீ" எழுத்தைப் போடுவது என்று அரசாங்கம் தீர்மானித்தது. போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்க.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் இருக்கு, புத்தகங்களில் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. அந்த எழுத்து பழைய காருக்கு இல்லை, புதுக் காருக்கு. அதாவது 1956இல் கார் இறக்கின ஒரு தமிழ் டொக்டருக்குப் பிரச்சினை இல்லை, பழைய ஆங்கில எழுத்துத் தகட்டோடு நிம்மதியாக ஓடலாம். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் 1957இல் அதே மொறிஸ் மைனரை, அதே கொம்பனியிடம், அதே விலைக்கு இறக்கினால் அவருடைய வாசலில் சிங்கள ஸ்ரீ வந்து நிற்கும். காரை இங்கிலாந்தில் செய்தான், காசைக் கொடுத்தது யாழ்ப்பாணத்தான் அல்லது திருகோணமலையான், கொழும்பில் பதியும்போது நெற்றியில் குத்தப்பட்டது அவனுக்கு வாசிக்கத் தெரியாத ஓர் எழுத்து. மொழிச்சட்டம் என்பது பாராளுமன்றத்தில் நடந்த ஏதோ ஒன்று என்று இருந்தவர்களுக்கு, அது வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது.

தமிழரசுக் கட்சி 1956 ஆகஸ்டில் தன்னுடைய மாநாட்டை நடத்தியது எங்கட ஊரில்தான். பல இடங்களிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாகத் திருமலைக்கு வந்தார்கள். சமஷ்டி, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, குடியேற்றங்களை நிறுத்துவது என்று கோரிக்கைகள் வைத்து, ஒரு வருட அவகாசமும் கொடுத்தார்கள். மைல் கணக்காக நடந்து வந்து போட்ட தீர்மானம் அது.

ஐந்து மாதத்துக்குள் ஸ்ரீ வந்தது. கட்சி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. எதிர்ப்பின் முறை மிகவும் எளிமையானது: சிங்கள ஸ்ரீயைக் கழற்றிவிட்டு அல்லது அதன் மேல் தமிழ் "ஸ்ரீ" எழுதி ஓட்டுவது. சட்டப்படி அது குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்வதற்கு உங்களிடம் ஒரு வாகனம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. சைக்கிள்காரனும் மாட்டு வண்டில்காரனும் ஓரமாக நின்று பார்க்கத்தான் முடிந்தது. (இன்னொரு வேடிக்கை, தமிழில் எழுதப்பட்ட ஸ்ரீயும் கிரந்த எழுத்துத்தான். தனித்தமிழ் ஆக்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. ஆனால் கோயில் நோட்டீஸ் தொடங்கி கடைப் பெயர்ப்பலகை வரை அந்த எழுத்து எங்களோடு இருந்தது. போராட்டம் எழுத்தின் வேர் பற்றியதல்ல, யார் அதைப் போடச் சொல்கிறார்கள் என்பது பற்றியது.)

பெப்ரவரி 4, சுதந்திர தினம். தமிழ்ப் பகுதிகளில் துக்க நாள். திருகோணமலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி கட்டப் போன இளைஞர் நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமலை நடராஜன் என்று இன்றும் சொல்கிறோம். அவரிடம் கார் இருந்திருக்காது. ஸ்ரீ எழுத்து அவருடைய எந்த உடைமையிலும் குத்தப்பட்டிருக்காது. ஆனாலும் அவர் ஏறினார். கார் வைத்திருந்தவர்களின் தகட்டுப் பிரச்சினையாகத் தொடங்கினது எப்படி எல்லாருடையதுமாக மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

யூலை 26இல் பண்டா–செல்வா ஒப்பந்தம். ஒக்டோபர் 15இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். எல்லாம் அதே 1957. ஒரே வருடத்தில் எங்கட ஊர் ஒரு ஏகாதிபத்தியத்தின் தளமாக இருந்து ஒரு புதிய அரசின் தளமாக மாறியது. அந்தப் புதிய அரசு தன்னுடைய கையெழுத்தை முதலில் போட்டுப் பார்த்த இடங்களில் ஒன்று காரின் தகடு.

1958 ஜனவரியில் பஸ் கொம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. அந்தச் சபையின் ஸ்ரீ தகடு போட்ட புதிய பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. இப்போது பிரச்சினை தனியார் காரிலிருந்து பொதுப் பஸ்ஸுக்கு ஏறிவிட்டது. வடக்கில் பஸ்களின் சிங்கள எழுத்துக்குத் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதக் கடைசியில் நடந்த கொலைகளைப் பற்றி இங்கு நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. தார்ப் பீப்பா ஒன்று எவ்வளவு தூரம் உருண்டு போகும் என்பது மட்டும் தெரிகிறது.

அடுத்த இருபது வருடத்தை வேகமாகக் கடக்கலாம், ஏனென்றால் அதில் கார்களே குறைவு. கொரிய யுத்த காலத்தில் றப்பர் விலை ஏறிச் சேர்ந்த வெளிநாட்டுக் காசு 1950களின் கடைசியில் கரைந்து போனது. 1960களின் தொடக்கத்தில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. கார் முதலில் வெட்டப்பட்ட ஆடம்பரங்களில் ஒன்று. 1969இல் வந்த இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாட்டு) சட்டத்தின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அரை நூற்றாண்டு கழித்து அதே சட்டம் திரும்ப வரப்போகிறது. 1970 முதல் 1977 வரை இன்னும் இறுக்கம். பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் காருக்கு யார் டொலர் கொடுப்பார்?

அந்தக் காலம் உருவாக்கின ஒரு ஆள்தான் மெக்கானிக். புதிது வராத நாட்டில் பழையது சாகக்கூடாது. எங்கட ஊரில் வயதான ஒரு கராஜ்காரர் இருக்கிறார், பெயர் போட வேண்டாம் என்றார். அவரிடம் இரண்டு பெட்டி சாவிகள் இருக்கின்றன. ஒன்று இஞ்சிக் கணக்கு, மற்றது மில்லிமீற்றர் கணக்கு. "இது அப்பரின்ர பெட்டி, அது என்ர பெட்டி" என்றார். பிரித்தானியக் காரின் நட்டுக்கு யப்பான் சாவி பொருந்தாது. ஒரு நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறினதை இரண்டு தகரப் பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிற ஒரு மனிதரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

ஒஸ்டின் ஏ-40யை யாழ்ப்பாணத்தில் "ஏ போட்டி" என்றுதான் சொல்வார்கள். மொறிஸ் மைனரின் உற்பத்தியை இங்கிலாந்து 1970களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. இலங்கையில் அது ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு தூரம் என்றால், 1990களில் காலிப் பக்கத்தில் மொறிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்புகிற அளவுக்கு. பிறந்த நாட்டிலேயே இல்லாத உதிரிப்பாகம் இறக்குமதித் தடை போட்ட நாட்டில் கிடைத்தது.

பக்கத்தில் இந்தியாவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவர்களும் இறக்குமதிக் கதவைச் சாத்தினார்கள். ஆனால் சாத்திவிட்டு உள்ளே ஒரு தொழிற்சாலையை வைத்திருந்தார்கள். மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வார்ப்பை எடுத்து 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை அம்பாசடர் என்று செய்து கொண்டிருந்தார்கள். எங்கட ஆக்கள் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்ததைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தோம். உபாலி விஜேவர்தன போன்ற ஒருவர் மஸ்டா, பியட் கார்களை இங்கு பொருத்திப் பார்த்தார். அது பெரிய தொழிலாக வேரூன்றவில்லை. இறக்குமதித் தடை தன்பாட்டில் உள்நாட்டு உற்பத்தியைக் கொண்டுவரும் என்று பொருளியல் வகுப்பில் யாராவது சொன்னால் இந்த இரண்டு நாட்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன கதவைத் திறந்தார். யப்பான் கார் வந்தது. ஏன் யப்பான் என்பதற்கு இரண்டு காரணம். முதலாவது, அங்கேயும் எங்களைப் போல வீதியின் இடது பக்கத்தால் ஓடுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். இரண்டாவது, அங்கே "ஷாக்கென்" என்று ஒரு கட்டாயப் பரிசோதனை. புதுக் காருக்கு மூன்று வருடத்தில் முதற் தடவை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருக்கால். செலவு கூட. அதனால் நிறையப் பேர் நல்ல நிலையில் இருக்கிற காரையே விற்றுவிடுவார்கள். அது ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து எங்களைப் போன்ற நாடுகளுக்கு. நாங்கள் "ரீகண்டிஷன்" என்று சொல்கிற முழு வியாபாரமும் அந்தப் பரிசோதனைச் சீட்டில்தான் நிற்கிறது.

கதவு திறந்து ஆறு வருடத்தில் 1983 வந்தது. அதற்குப் பிறகு வடக்கு கிழக்கில் காரின் வரலாறு வேறு பாதையில் போகிறது. 1990களின் முதற் பாதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகவில்லை. அங்கே ஏ-40யும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, ஊரெல்லாம் மணம். கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சின் என்றபடியால் அது சாத்தியம், இன்றைய காரில் நடக்காது. ஐம்பதுகளில் இறக்கின கார்கள் தொண்ணூறுகளில் பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின.

கிழக்கில் எங்களுக்கு வேறு மாதிரி. திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போவதென்றால் படகுப்பாதையில் காரை ஏற்ற வேண்டும். மட்டக்களப்பு வரை ஏ-15 வீதியில் ஆறும் களப்பும் வெட்டி வெட்டிப் போகும். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதுவரை கார் இருக்கிறவனும் தோணிக்காரனை நம்பித்தான் இருந்தான். சோதனைச் சாவடியில் இறங்கி நடப்பதற்கும், சாமான்களை இறக்கித் திரும்ப ஏற்றுவதற்கும் கார் ஒரு உதவியும் செய்யவில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களின் பெரிய வெள்ளை ஜீப்புகளைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் என் வயதில் நிறையப் பேர். இன்னொரு வெள்ளை வாகனமும் இருந்தது. யப்பானில் குடும்பங்கள் சுற்றுலா போவதற்காகச் செய்த ஒரு வான், நம்பர் தகடு இல்லாமல் ஓடும்போது இங்கே அதற்கு வேறொரு பொருள் வந்தது. "வெள்ளை வான்" என்ற இரண்டு சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. இன்றைக்கும் அம்மாக்கள் வீதியில் அதைக் கண்டால் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள்.

சரி, ஒரு சாதாரண ஆள் தன்னுடைய பாவனைக்கு ஒரு காரை இறக்குவது என்றால் என்ன நடக்கிறது? யப்பான் ஏலத்தில் காரைத் தெரிவு செய்வது ஒரு முகவர். காருக்கு எங்கே கீறல், எத்தனை புள்ளி என்று ஒரு ஏலத் தாள் வரும், முழுக்க யப்பான் மொழியில். அதை வைத்து வங்கியில் எல்.சி. திறக்க வேண்டும், அதாவது எங்கட ரூபாயைப் பிணையாக வைத்து வங்கி டொலர் தருவதாக எழுதிக் கொடுக்கிற கடிதம். காரின் வயதுக்கும் ஒரு எல்லை உண்டு. கப்பலேற முன் பரிசோதனைச் சான்றிதழ். இங்கே இறங்கினதும் சுங்கம். பிறகு கொழும்பில் மோட்டார் வாகனத் திணைக்களம்.

சுங்கத்தில்தான் நெஞ்சு நிற்கும். 2025 விதிகளின்படி இறக்குமதித் தீர்வை 20 சதவீதம், அந்தத் தீர்வையின் மேல் 50 சதவீதம் மேலதிகக் கட்டணம், எஞ்சினின் சிசியைப் பார்த்துப் போடுகிற உற்பத்தி வரி, விலை கூடினால் ஆடம்பர வரி, கடைசியில் தீர்வைகளையும் கூட்டி அதற்கு மேல் 18 சதவீத வற் வரி. வரிக்கும் வரி. யப்பானில் காருக்குக் கொடுத்த காசைவிட இலங்கை அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது கூட என்பது பல மாடல்களுக்கு உண்மை. மின்சாரக் காருக்குச் சிசி இல்லாதபடியால் மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வரி.

இந்த வரி முறை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மாறினதால் எங்கட வீதிகளுக்கு ஒரு விசேடம் உண்டு. மரத்தை வெட்டி வளையத்தை எண்ணி வயது சொல்வது போல, நிற்கிற காரைப் பார்த்து எந்த வருட பட்ஜெட் என்று சொல்லலாம். ஹைபிரிட்டுக்கு வரி குறைத்த காலத்தில் பிரியஸும் அக்குவாவும். 2015இல் மின்சாரக் காருக்குச் சலுகை, நிசான் லீஃப் ஆயிரக்கணக்கில் வந்தது. அடுத்த பட்ஜெட்டில் வரி ஏறினதும் நின்றுவிட்டது. சின்ன எஞ்சினுக்குச் சாதகமானதும் 660 சிசி வாகன்ஆர். நாங்கள் கார் தெரிவு செய்வதில்லை, நிதியமைச்சர் தெரிவு செய்கிறார்.

இந்த வரியெல்லாம் எல்லாருக்குமா? இல்லை. அரசாங்க உயர் உத்தியோகத்தர், டொக்டர்மார், பல்கலைக்கழக விரிவுரையாளர் (எங்கட சேர்மாரும்தான்), பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோருக்குச் சலுகைப் பெர்மிட் கொடுக்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. எம்.பி.மார் தங்களுடைய பெர்மிட்டைக் கோடிக்கணக்கில் விற்ற கதைகள் பத்திரிகைகளில் வந்து நாறின. தெற்கில் இனவாதம் பேசுகிறவரும் வடக்கு கிழக்கில் உரிமை பேசுகிறவரும் ஒரே வரிசையில் நின்று எடுத்த ஒரே பொருள் அந்தப் பெர்மிட்தான். 1957இல் காரின் எழுத்துக்காகச் சிறைக்குப் போகத் தயாராக நின்றவர்களின் அரசியல் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிறவர்களை அந்த வரிசையில் கற்பனை செய்து பார்க்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கு.

2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பயன்படுத்தின சட்டம், நான் முதலில் சொன்ன 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்து வருடம் கதவு சாத்தியிருந்தது. பாவித்த காரின் விலை, வாங்கின விலையைத் தாண்டி ஏறியது. உலகத்தில் கார் வாங்கினால் விலை இறங்கும், இங்கே காணி மாதிரி ஏறும். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு பெற்றோல் வரிசை.

அந்த வரிசையைத் திருகோணமலையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு தனிக் கோபம் இருக்கும். சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. அதே 2022 ஜனவரியில் அவற்றுக்காக இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது: 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 61 இருவரும் சேர்ந்த கொம்பனிக்கு. ஆறு மாதத்தில் நாங்கள் கியூஆர் கோட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கிக்கொண்டு நின்றோம். மே மாதத்தில் பதவி விலகின பிரதமர் மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு வந்து பாதுகாப்புத் தேடினதும் எங்கட கடற்படைத் தளத்தில்தான். ஹெலிகொப்டரில் வந்தார், பெற்றோல் வரிசையில் நிற்க வேண்டி வரவில்லை.

அந்த வருடம் வந்த ஒரு திட்டம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டில் வேலை செய்கிற இலங்கையர் வங்கி மூலம் அனுப்பும் காசின் அளவைப் பொறுத்து மின்சார வாகனம் ஒன்றைக் கொண்டுவர அனுமதி. எங்கட மாமா பதினொரு வருடமாகக் கட்டாரில் சாரதி. அடுத்தவனுடைய லாண்ட் குரூசரை ஓட்டுகிறவர். செய்தி வந்த அன்றைக்கு இரவு வட்ஸ்அப்பில் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். பிரச்சினை என்னவென்றால், 2021 கடைசியில் இருந்து 2022 மார்ச் வரை மத்திய வங்கி டொலரை 200 ரூபாய்க்குப் பக்கத்தில் பிடித்து வைத்திருந்தது. வெளியில் அதைவிடக் கூட. மாமா, அவரோடு அறையில் இருந்த எல்லாரையும் போல, உண்டியலில்தான் அனுப்பினார். குடும்பத்துக்கு வந்து சேர்ந்த காசு உண்மை, ஆனால் வங்கிப் புத்தகத்தில் அது இல்லை. திட்டம் பேசின காலத்துக்குள் வங்கியால் அவ்வளவு அனுப்ப அவருடைய சம்பளத்தில் இடமும் இல்லை. "அது டிரைவர்மாருக்கு இல்லடா, எஞ்சினியர்மாருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தக் கதையை விட்டுவிட்டார். 2023இல் திட்டமும் நிறுத்தப்பட்டது.

இதில் எனக்கு உறைக்கிற இடம் வேறு. ஒரு கார் கப்பலேற வேண்டுமென்றால் டொலர் வேண்டும். அந்த டொலர் எங்கிருந்து வருகிறது? தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்ணிடமிருந்து, ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிற பெண்ணிடமிருந்து, மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்ணிடமிருந்து. அவர்களில் யாரும் எல்.சி. திறக்க வங்கிக்குப் போவதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் இப்படித்தான், தேயிலை போன கப்பல் திரும்பி வரும்போது துரையின் கார் வந்தது. துரை மட்டும் மாறியிருக்கிறார்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் கிடைத்தது, கிட்டத்தட்ட 3 பில்லியன் டொலர். அரசாங்கத்துக்கு வரி வருமானம் வேண்டும், வாகன வரியைவிடச் சுலபமான வரி இல்லை. 2025இல் கதவு திறந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். தனிநபர் பன்னிரண்டு மாதத்தில் ஒரு வாகனம்தான் இறக்கலாம், வரி செலுத்துபவர் இலக்கம் இருக்க வேண்டும். திருகோணமலையில் முதலில் வந்தவற்றில் கூடுதலானவை ஹோட்டல்காரர், ஒப்பந்தகாரர், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற ஆக்களுடையவை. இது நான் வீதியில் பார்த்த கணக்கு, கணக்கெடுப்பு இல்லை.

தகடுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீ எழுத்து பிறகு வந்த வரிசைகளில் இல்லாமல் போய் நடுவில் ஒரு கோடு மட்டும் நின்றது. 2000இல் ஆங்கில எழுத்து திரும்பி வந்தது, கூடவே மாகாணத்தின் எழுத்தும், கிழக்குக்கு ஈ.பி. 2023இல் இருந்து அந்த மாகாண எழுத்தும் எடுக்கப்பட்டுவிட்டது. 2025இல் தகடு அச்சடிப்பது தாமதமானபடியால் புதுக் கார்கள் பல, தகடே இல்லாமல், கண்ணாடியில் இலக்கத்தைக் கடதாசியில் ஒட்டிக்கொண்டு ஓடின. எங்கட ஒழுங்கையில் நிற்கிற ஒன்றில் இன்னும் அந்தக் கடதாசிதான். மழைக்கு இலக்கம் கரைந்து, கடைசி இரண்டு தானம் இப்ப வாசிக்க முடியாது.